பணம் கட்டிய ரசீது மின்னஞ்சலில் வந்ததா? பட்டனைத் தொடாமல் முதலில் இதைச் செய்யுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பத்து மணிக்கு மேல் இருக்கும், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் சித்தப்பா கூப்பிட்டார். "ஏம்மா, நான் ஒண்ணுமே வாங்கலையே, 1,899 வெள்ளி கட்டியாச்சுன்னு ரசீது வந்திருக்கு, ரத்து பண்ணணும்னா அரை மணி நேரம்தான்னு போட்டிருக்கான்" என்றார். குரல் நடுங்கியது. "சித்தப்பா, போனை மேசையில கவுத்து வைங்க, எதையும் அமுக்காதீங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காடியை எடுத்தேன். போய்ப் பார்த்தால் சொன்னபடி போனைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார், ஆனால் அதன் பக்கத்திலேயே மூக்குக் கண்ணாடியும் பர்ஸிலிருந்து எடுத்த வங்கி அட்டையும் இருந்தன. நான் வர இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அட்டை எண்ணைத் தட்டியிருப்பார். அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். தினமும் நாற்பது ஐம்பது ரசீதுகள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், அதனால் எது ரசீது, எது ரசீது வேஷம் போட்டு வந்தது என்பது ஓரளவுக்குப் பிடிபட்டுவிட்டது. சித்தப்பாவுக்கு அன்றைக்கு உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா, ஒரு பெரியம்மா இருப்பார்கள், அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பரிசு விழுந்தது, லாட்டரி அடித்தது என்று வரும் மின்னஞ்சல்களை இப்போது நம் ஆட்கள் பெரும்பாலும் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். ரசீது அப்படியில்லை. அது ஆசை காட்டுவதில்லை, பயம் காட்டுகிறது. உங்கள் பணம் ஏற்கெனவே போய்விட்டது என்று முதலில் சொல்லிவிடும், நெஞ்சு படபடக்கும்போது கீழே பெரிதாக ஒரு பட்டனைக் காட்டும்: "இது நீங்கள் இல்லையென்றால் இங்கே ரத்து செய்யுங்கள்." பணம் போனது பொய், ரத்து செய்யும் பக்கம்தான் பொறி. அங்கே போனால் வங்கியின் முகப்பு மாதிரியே ஒரு பக்கம் திறக்கும், பயனர் பெயர், கடவுச்சொல், அட்டை எண், பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், கடைசியாக டேக் நம்பர் (பணம் அனுப்புவதை உறுதி செய்ய வங்கி அனுப்பும் ஒருமுறை எண்), எல்லாவற்றையும் நீங்களே உங்கள் கையால் தட்டிக் கொடுப்பீர்கள்.

அதனால் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீது என்பது முடிந்துபோன வேலைக்குச் சாட்சி, உங்களிடமிருந்து அதற்கு எதுவும் தேவையில்லை. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை வாங்கிவிட்டுச் சீட்டைக் கையில் வாங்குகிறீர்கள், கடைக்காரர் "இந்தச் சீட்டு செல்லணும்னா உங்க அட்டையோட ரகசிய பின் நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்பாரா? கேட்டால் சேலையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். மின்னஞ்சலில் வரும் ரசீதும் அதே மாதிரிதான். உள்ளே நுழை, உறுதி செய், ரத்து செய், கூப்பிடு, இணைப்பைத் திற என்று ஏதாவது வேலை வைக்கிற ரசீதைச் சந்தேகப்படுங்கள்.

முதலில் பணம் இருக்கும் இடத்தைப் பாருங்கள்

மின்னஞ்சலை ஆராய்வதெல்லாம் அப்புறம். முதல் வேலை, அதை அப்படியே விட்டுவிட்டு, வங்கியின் ஆப்பை நீங்களே திறப்பது. மின்னஞ்சலில் உள்ள இணைப்பு வழியாகப் போகாதீர்கள், போனில் எப்போதும் இருக்கும் அந்த ஆப்பையே திறங்கள். பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள். கடன் அட்டை என்றால் இன்னும் முடியாமல் நிலுவையில் நிற்கும் தொகைகளையும் பாருங்கள், ஏனென்றால் அட்டையில் தேய்த்த பணம் முதலில் அங்கேதான் தெரியும். ரசீது டச் அண்ட் கோ இ-வாலட் பெயரில் வந்திருந்தால் அந்த வாலட்டையே திறந்து பார்க்க வேண்டும். ஷோப்பி, லாசாடா மாதிரி இணையக் கடை என்றால் அந்த ஆப்பில் உங்கள் ஆர்டர் பட்டியலைப் பாருங்கள். ரசீதில் சொன்ன பொருள் அங்கே இல்லையென்றால் அப்படி ஒரு ஆர்டரே கிடையாது.

சித்தப்பாவின் வங்கி ஆப்பைத் திறக்கச் சொன்னேன். கடைசியாகப் போன பணம் வியாழக்கிழமை கட்டிய மின்சார பில், அவ்வளவுதான். 1,899 வெள்ளி எங்கேயும் போகவில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

சரி, உண்மையிலேயே பணம் போயிருந்தால்? அப்போதும் அந்தப் பட்டனை அழுத்தக் கூடாது. அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் "வங்கி வாடிக்கையாளர் சேவை" என்று தேடி முதலில் வருகிற எண்ணை நம்பாதீர்கள், விளம்பரமாகப் போலி எண்களைப் போட்டு வைக்கிறவர்களும் உண்டு. பணம் போகவில்லையென்றால் மின்னஞ்சல் பொய். போயிருந்தால் பேச வேண்டியது வங்கியிடம். எப்படிப் பார்த்தாலும் அந்த மின்னஞ்சலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

பயம் தணிந்த பிறகு சித்தப்பாவோடு உட்கார்ந்து அந்த மின்னஞ்சலைப் பிரித்துப் பார்த்தோம். இதை நீங்களும் ஒரு தடவை நிதானமாகச் செய்து பாருங்கள், அப்புறம் கண் தானாகப் பழகிவிடும்.

மேலே அனுப்பியவர் பெயர் என்று பிரபலமான ஓர் இணையக் கடையின் பெயர் அழகாக இருந்தது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் என்னவாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அது உறையின் மேல் கையால் எழுதுகிற பெயர் மாதிரி. ஜிமெயில் ஆப்பில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே, யாருக்கு வந்தது என்று காட்டுகிற இடத்தில், சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் உண்மையான முகவரி வெளியே வரும். சித்தப்பாவுக்கு வந்ததில் எழுத்தும் எண்ணுமாகக் கலந்த ஏதோ ஒரு பெயர், அதற்குப் பின்னால் அந்தக் கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகவரி.

ஆனால் எல்லோரும் இவ்வளவு வெளிப்படையாக மாட்டிக்கொள்வதில்லை. கடையின் பெயர் முகவரிக்குள்ளேயே இருக்கும்படி செய்வார்கள். அதனால் இணைய முகவரியைப் பின்னாலிருந்து படிக்கப் பழகுங்கள். தபால் உறையில் வீட்டு எண், தெரு, தாமான் எல்லாம் எழுதி ஊர் கடைசியில்தானே வரும்? கடிதம் போய்ச் சேருவது அந்த ஊருக்குத்தான். இணைய முகவரியிலும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் ஊர். உதாரணத்துக்கு, உங்கள் வங்கியின் பெயர், டாட் காம், அப்புறம் இன்னொரு டாட் போட்டு "பேமெண்ட்-செக்", டாட் டாப் என்று ஒரு முகவரி இருந்தால், அது வங்கியின் இடம் கிடையாது. "பேமெண்ட்-செக் டாட் டாப்" என்கிற யாரோ ஒருவருடைய வீடு, வங்கியின் பெயர் அந்த வீட்டில் ஓர் அறைக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். டாட் காம் டாட் எம்ஒய் என்று முடியும் முகவரியானால் அதற்கு முன்னால் ஒட்டி நிற்கும் சொல்லைப் பாருங்கள், அதுதான் சொந்தக்காரர்.

இன்னொரு தந்திரம் எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் சின்னத் திரையில் எம் மாதிரியே தெரியும். ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம், எல் என்ற எழுத்துக்குப் பதில் ஒன்று. சித்தப்பாவிடம் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் அவருக்கே வித்தியாசம் தெரிந்தது. கண்ணாடி போடுகிற வயதில் இருப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள், அவர்கள் மேல் தப்பே இல்லை, அந்தத் திரை அப்படி.

பட்டன் எங்கே கொண்டுபோகிறது என்று பார்க்க, கணினியில் என்றால் அதன் மேல் எலியின் அம்பைக் கொண்டுபோய் நிறுத்துங்கள், சொடுக்காதீர்கள், திரையின் கீழ் மூலையில் முகவரி தெரியும். போனில் பட்டனை அழுத்திப் பிடித்தால் முகவரி வரும், ஆனால் விரல் நழுவினால் பக்கம் திறந்துவிடும், அதனால் வயதானவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை, ஆப்பைத் திறந்து பணத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று பல வருடங்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை மறந்துவிடுங்கள். நீங்கள் தட்டுவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதைத்தான் அந்தப் பூட்டு சொல்கிறது, மறுமுனையில் இருப்பவன் யார் என்று சொல்லாது. திருடனும் இலவசமாக அந்தப் பூட்டை வாங்கிக்கொள்ளலாம். குரோம் உலாவி 2023-இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. அதே மாதிரி, எழுத்துப்பிழை இருந்தால் போலி, இல்லையென்றால் அசல் என்பதும் பழைய கதை. இப்போது வருகிற போலி ரசீதுகளின் மலாய் பல அசல் கடிதங்களைவிடச் சுத்தமாக இருக்கிறது.

உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பதையும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எத்தனையோ இடங்களிலிருந்து கசிந்திருக்கின்றன. பெயர் சொல்லாமல் "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று தொடங்கினால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், பெயர் சொன்னால் அதற்காக நம்பிக்கையைக் கூட்டாதீர்கள்.

பட்டனே இல்லாத ரசீது

இதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. சில ரசீதுகளில் இணைப்பே இருக்காது. ஒரு பிடிஎஃப், அதில் வருட சந்தா புதுப்பிக்கப்பட்டது என்று ஒரு தொகை, கீழே ஒரு தொலைபேசி எண். இணைப்பு இல்லாததால் மின்னஞ்சலின் வடிகட்டிகள் அதைச் சுலபமாகப் பிடிப்பதில்லை. நீங்கள் கூப்பிட்டால் மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள், "பணத்தைத் திருப்பித் தருகிறோம், அதற்கு இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று தொலைவிலிருந்து உங்கள் திரையைப் பார்க்கும் ஆப் ஒன்றைப் போடவைப்பார்கள், அதன் பிறகு உங்கள் போன் உங்கள் கையில் இருந்தாலும் அவர்கள் கையில்தான்.

இதிலேயே இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. இணையத்தில் பணம் அனுப்பவும் வாங்கவும் உதவும் பேபால் சேவை வழியாக யாரும் யாருக்கும் விலைச்சீட்டோ பணக் கோரிக்கையோ அனுப்பலாம். மோசடிக்காரர்கள் அந்த வசதியைப் பயன்படுத்தி, குறிப்பு எழுதும் இடத்தில் "உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று தங்கள் எண்ணைப் போட்டு அனுப்புகிறார்கள். அனுப்பிய முகவரி உண்மையாகவே பேபாலுடையது, முகவரியை வைத்து நான் மேலே சொன்ன சோதனை எல்லாவற்றிலும் அது தேறிவிடும். அதனால்தான் முகவரியைப் பார்ப்பதைவிடப் பணம் இருக்கும் இடத்தைப் பார்ப்பதை முதலில் வைத்தேன். உங்கள் பேபால் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் யாரோ காசு கேட்டிருக்கிறான், நீங்கள் கொடுக்கவில்லை என்று தெரிந்துவிடும். கொடுக்காமல் விட்டால் போதும்.

மின்னஞ்சலோடு சேர்ந்து வரும் கோப்புகளில் ஹெச்டிஎம்எல் என்று முடிவதைத் திறக்காதீர்கள். ரசீதை ஹெச்டிஎம்எல் கோப்பாக இணைத்து அனுப்ப ஒரு கடைக்கும் தேவையில்லை, அதைத் திறந்தால் உங்கள் உலாவியிலேயே போலி நுழைவுப் பக்கம் முளைக்கும். ஜிப் கோப்பும், பிடிஎஃப் என்று பெயரில் இருந்து கடைசியில் இஎக்ஸ்இ என்று முடியும் கோப்பும் அதைவிட மோசம். "ரசீதைப் பார்க்க இந்த ஏபிகேயைப் போடுங்கள்" என்று ஆண்ட்ராய்டு போனில் ஆப் போடும் கோப்பு ஒன்று வந்தால் அது உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து டேக் நம்பரை எடுத்து அனுப்புகிற வேலைக்காகவே செய்யப்பட்டதாக இருக்கும்.

வீட்டிலிருந்து விற்கிறவர்களுக்கு

தீபாவளி நெருங்கினால் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை என்று வாட்ஸ்அப் புலனத்திலேயே ஆர்டர் எடுக்கும் அக்காமார் நிறையப் பேர். அவர்களைத் தேடி வருவது வேறு மாதிரி ரசீது. பத்து டின் முறுக்குக்கு ஆர்டர் கொடுத்த ஆள் பணம் அனுப்பிவிட்டேன் என்பார், கூடவே வங்கி பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும்: "உங்களுக்கு 450 வெள்ளி வந்துள்ளது, நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, விடுவிக்க உங்கள் கணக்கை உறுதி செய்யுங்கள்." பணம் வாங்குவதற்குக் கடவுச்சொல்லோ டேக் நம்பரோ ஒருபோதும் தேவையில்லை, கணக்கு எண் ஒன்றே போதும். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் டுயிட்நவ் வழியாக அனுப்பிய பணம் சாதாரணமாக உடனுக்குடன் கணக்கில் ஏறிவிடும். அதனால் திரைப்பிடிப்பைப் பார்த்து டின்னைக் கொடுக்காதீர்கள், படத்தில் தொகையை மாற்றுவது பெரிய வேலை இல்லை. உங்கள் கணக்கில் ஏறியதை உங்கள் ஆப்பில் பார்த்த பிறகு கொடுங்கள். வாங்குகிறவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், உண்மையாகப் பணம் போட்டவர் இரண்டு நிமிடம் காத்திருப்பார்.

முன்பின் தெரியாத கணக்குக்கு நீங்கள் பணம் போட வேண்டியிருந்தால், போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகார் வந்திருந்தால் காட்டும். காட்டவில்லை என்பதற்காக ஆள் நல்லவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது, புதுக் கணக்குக்கு இன்னும் யாரும் புகார் கொடுக்காமல் இருக்கலாம்.

ஏற்கெனவே அழுத்திவிட்டால்

வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், யாரிடமும் சொல்லாமல் விடிய விடிய யோசிக்காதீர்கள், இதில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. மின்னஞ்சலைத் திறந்து பார்த்தீர்கள், வேறு எதுவும் செய்யவில்லை என்றால் பெரும்பாலும் பயமில்லை, மோசடி என்று ஜிமெயிலிடம் புகார் செய்துவிட்டு அழித்துவிடுங்கள். அதில் உள்ள "இனி அனுப்ப வேண்டாம்" பட்டனையும் தொடாதீர்கள், தொட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

வங்கியின் கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே வங்கியின் மோசடிப் புகார் எண்ணைக் கூப்பிட்டு அட்டையையும் இணையச் சேவையையும் முடக்கச் சொல்லுங்கள். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளைச் செய்யச் சொன்னவற்றில் ஒன்று, வாடிக்கையாளர் தானே தன் கணக்கை முடக்கிக்கொள்ளும் வசதி. பெயர் வங்கிக்கு வங்கி வேறாக இருக்கும், உங்கள் ஆப்பில் அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளுங்கள், ஆபத்து வந்த பிறகு தேடினால் கண்ணில் படாது.

பணம் போய்விட்டது என்றால் 997. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது, போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று வேகமாகத் தாவும், சீக்கிரம் சொன்னால் வழியில் எங்காவது பிடித்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. அதன் பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். அந்த மின்னஞ்சலையும் திரைப்பிடிப்புகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஆப் எதையாவது போட்டுவிட்டால் முதலில் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள், வங்கிக்கு வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது: மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் அதை மாற்றுவதோடு நிறுத்தாமல், அமைப்புகளுக்குள் போய், உங்களுக்கு வருவது வேறு முகவரிக்குப் போகும்படி யாராவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்தக் குழாய் அப்படியே இருக்கும், உங்கள் வங்கிக் கடிதங்கள் அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

சித்தப்பாவுக்கு அன்று ராத்திரியே மூன்று வேலை செய்து கொடுத்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு வெள்ளிக் காசு போனாலும் வங்கி ஆப்பே அறிவிப்பு அனுப்பும்படி வைத்தேன், இனிமேல் ரசீது வந்தால் அந்த அறிவிப்பு வந்ததா என்று பார்த்தால் போதும். ஒரு நாளில் வெளியே அனுப்பக்கூடிய தொகையை அவர் தேவைக்கு ஏற்ற மாதிரிக் குறைத்தேன். கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் வசதியை இயக்கிக் காட்டினேன், அது உண்மையான தளத்தில் மட்டும்தான் தானாக நிரப்பும், போலித் தளத்தில் நிரப்பாமல் சும்மா இருக்கும், அப்படி இருந்தால் நம் கையாலும் நிரப்பக் கூடாது.

எண்களைப் போனில் சேமிக்கப் போனேன். "போனே கெட்டுப்போச்சுன்னா எப்படிம்மா கூப்பிடறது?" என்று கேட்டார். அதுவும் சரிதான். சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் அட்டையில் 997 என்றும், அதன் கீழே அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து வங்கியின் எண்ணையும், தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் அவரே எழுதி வைத்தார்.